தெற்கத்திக் கிறிஸ்மஸ்: பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வரை

டிசம்பர் 20, பாளையங்கோட்டை

இந்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் பெட்டியில் பாதிப் பேர் கிறிஸ்மஸுக்கு ஊர் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். சீட்டுக்கு அடியில் கேக் டப்பா, ஜவுளிக்கடைப் பை, மேல் பெர்த்தில் மடக்கி வைத்த நட்சத்திரம். எந்த ஊர் என்று கேட்டால் நாசரேத், சாயர்புரம், பண்ணைவிளை, டோனாவூர் என்று வரிசையாகப் பதில் வருகிறது. என் மகளுக்கு இந்தப் பெயர்களெல்லாம் புதிது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணமே அதுதான்.

தெற்கத்திக் கோயில்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நடக்கும் கிறிஸ்மஸை யாரும் எழுதுவதில்லை. எந்த மாவு எந்தப் பதத்தில், எந்தத் தட்டு யார் வீட்டுக்கு, எந்தப் பாட்டு யாருக்காக என்பதெல்லாம் பெரியம்மா, அத்தைமாரின் மனக்கணக்கில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

சாயங்காலம் சித்தியோடு ஊசிக் கோபுரத்துக்குப் போனோம். 1826-இல் பிரதிஷ்டையான தூய திரித்துவக் கோயில் அது. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டியது. இந்தப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அதற்கும் முன்னால் 1785-இலேயே குளோரிந்தா அம்மாள் இந்த ஊரில் ஒரு கோயில் எழுப்பிவிட்டார். பிராமண குலத்தில் பிறந்த விதவைப் பெண் என்பதால் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே இன்றும் சொல்கிறார்கள். ஒரு பெண் முன்னின்று கட்டிய அந்தச் சின்னக் கோயில்தான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம்.

ராத்திரி கீத பவனி. பதினொரு மணிக்கு மேல்தான் சித்தி வீட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சித்தி சுக்குக் காபியை அடுப்பில் வைத்தே காத்திருந்தார். பையன்கள் கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு பாட்டைத் தூக்கிப் பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா என் மகளோடு ஒரு சுற்று ஆடினார். அதன் பிறகு சித்தி, "தம்பி, எங்க மாமா பாட்டு" என்றார். உடனே மைக்கை அணைத்துவிட்டார்கள். சித்தியின் மாமனார் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர். அவருக்குப் பிடித்த பழைய கீர்த்தனையை அந்த வீட்டு வாசலில் மட்டும் வாத்தியம் இல்லாமல் பாடுவது வழக்கமாம். அவர் காலமான பிறகு பிறந்த பையன்களுக்கும் அடி பிசகாமல் வருகிறது. பவனித் தலைவரின் சின்ன நோட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே பாட்டின் முதலடி எழுதியிருந்தது. இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கிறது.

டிசம்பர் 21, சாத்தான்குளம் பக்கம்

பெரியம்மா வீட்டில் இன்று பலகார நாள். நாங்கள் வந்து இறங்கும்போதே பச்சரிசி நனைத்து, இடித்து, சலித்து, துணியில் பரத்தியிருந்தது. பின்வாசலில் செங்கல் வைத்து அடுப்பு. காய்ந்த பனமட்டையும் சில்லாட்டையும் விறகு.

முதலில் அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் எள். ஆனால் முதல் ஈடு முட்டை இல்லாமல். பெரியம்மா புது எண்ணெய் ஊற்றி, முட்டை சேர்க்காத மாவைத் தனிச் சட்டியில் கரைத்து, அதைத்தான் முதலில் சுட்டார். பக்கத்து வீட்டில் முட்டை தொட மாட்டார்கள். அவர்களுக்குப் போக வேண்டியது முட்டை விழுந்த எண்ணெயில் வேகக் கூடாது. "அவங்க கேக்கல. நமக்குத் தெரியும்லா" என்றார்.

அச்சு முறுக்கில் அச்சுதான் எல்லாம். அது எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். விளிம்புக்கு மேலே மாவு ஏறினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. மாவைத் தொடும்போது 'சுர்' என்று சத்தம் வந்தால் சூடு சரி. சத்தமே இல்லாமல் வழிந்தால் அச்சு ஆறிவிட்டது. மறுபடி எண்ணெயில் விட்டு லேசாக ஆட்டினால், ஓரம் சிவக்கிற நேரத்தில் தானே கழன்று மிதக்கும். கழலாவிட்டால் ஒரு ஈர்க்குக் குச்சியால் ஓரத்தில் ஒரு தட்டு. பெரியம்மா கையில் இருக்கும் அச்சு பித்தளை. அவர் மாமியார் கொடுத்தது. புது அச்சு வாங்கினால் நாலைந்து நாள் எண்ணெயில் ஊறப்போட்டுப் பழக்கினால்தான் மாவு ஒட்டாமல் வரும் என்கிறார்.

"ஏட்டி, நீ பேசாம மாவைக் கிண்டிக்கிட்டே இரு. அடியில தங்குனா மொதல்ல உள்ளது தண்ணி, கடைசில உள்ளது கட்டி" என்று எனக்கு ஒரு வேலை. மகளுக்கு முறுக்கைக் காகிதத்தில் அடுக்கும் வேலை. பெரியப்பாவுக்கு விறகைத் தள்ளும் வேலை. ஆண்கள் அடுப்புப் பக்கம் வரும் ஒரே நாள் இது என்று பெரியம்மா சொன்னபோது பெரியப்பா மறுக்கவில்லை.

பிறகு கலகலா, சோமாஸ், அதிரசம். அவற்றை விவரிக்க இடமில்லை, எல்லா ஊரிலும் உள்ளதுதான். ராத்திரி டின்களை மூடும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: வீட்டுக்கு, தெருவுக்கு, பெங்களூருக்கு, பள்ளிக்கூட ஆயாவுக்கு.

டிசம்பர் 22, முதலூர்

காலையில் முதலூர். 1799-இல், புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் ஒதுங்கி வாழ ஒரு இடம் வேண்டும் என்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். திருநெல்வேலிச் சீமையில் அப்படி உருவான கிராமங்களில் இதுதான் முதலாவது. இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எல்லோரும் கேட்பது மஸ்கோத் அல்வாவைத்தான்.

திருநெல்வேலி அல்வாவுக்கு நெய் வேண்டும். மஸ்கோத்துக்குத் தேங்காய்ப் பால். மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்துத் தெளிய விட்டு, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றுவதில்லை. தேங்காய்ப் பால் வற்றி, அதிலிருந்து எண்ணெய் தானே பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கரண்டி நிற்காது. கடைசியில் முந்திரி. ஆறியதும் கத்தி போட்டு வில்லைகளாக வெட்டுகிறார்கள். கையில் எடுத்தால் கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவுகிறது. நெய் அல்வா தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கடித்து மென்று தின்ன வேண்டும். எனக்கு இதுதான் உயர்த்தி.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரம் என்பதால் கிலோக் கணக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். பெரியம்மா வீட்டில் அல்வா செய்வதில்லை. "அது முதலூர்க்காரங்க கைவேலை. நாம வாங்கிக்கிடணும், அவங்க நம்ம முறுக்கைத் திங்கணும்" என்பது அவர் கணக்கு. முதலூரில் பெரியம்மாவின் சிநேகிதி வீட்டில் ஒரு டின் அச்சு முறுக்கைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.

டிசம்பர் 23, மெஞ்ஞானபுரம், உடன்குடி

மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் 192 அடி. சுற்றிலும் தேரிக்காடும் பனையுமாக இருப்பதால் வெகு தூரத்திலேயே கண்ணில் படுகிறது. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் இந்த மணலில் கிணறு வெட்டி, மரம் நட்டு, ஊரை உண்டாக்கியவர். உள்ளே பெண்கள் ஏணி போட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காகிதப் பூக்களை ஒவ்வொரு வீட்டிலும் செய்து கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சுகளைத் துடைப்பது வாலிபர்கள் முறை.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். நாகர்கோவில் அத்தை கேட்டது.

வழியில் பெரியப்பா 2023-ஐப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி பெருகி, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பலகாரத்துக்கு வாங்கி வைத்த மாவும் எண்ணெயும் பெரியம்மா தெருவில் எல்லா வீட்டிலும் தயாராக இருந்திருக்கிறது. ஒரு வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. அத்தனையும் பூரியாகவும் சப்பாத்தியாகவும் பொட்டலம் கட்டி வெள்ளத்தில் மாட்டிய ஊர்களுக்குப் போனது. நட்சத்திரம் மட்டும் தொங்கவிட்டார்களாம். "அந்த வருசந்தான் மக்ளே, ஐயர் பிரசங்கமே பண்ணாம எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றார் பெரியப்பா.

டிசம்பர் 24, மணப்பாடு

பெரியம்மாவின் மூத்த மகள், எனக்கு அக்கா, வாழ்க்கைப்பட்டது மணப்பாட்டில், கத்தோலிக்கக் குடும்பத்தில். கடலுக்குள் நீளும் மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல்.

அக்கா வீட்டில் குடில் கூடத்தின் ஒரு மூலை முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் முன்னால் சின்னத் தட்டுகளில் மணல் பரப்பிக் கேழ்வரகு விதைத்திருக்கிறார்கள். இப்போது விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. அதுதான் பெத்லகேம் வயல். பனையோலை வேய்ந்த கொட்டகையில் மரியாளும் சூசையப்பரும் மாடும் கழுதையும் இருக்கிறார்கள். தீவனத் தொட்டி காலி. பாலன் சுரூபம் பீரோவுக்குள், பட்டுத் துணியில் சுற்றி. மூன்று ராஜாக்கள் குடில் பக்கத்திலேயே இல்லை. வாசல் நிலைக்கு அருகில், ஒட்டகத்தோடு ஒரு ஸ்டூலில் நிற்கிறார்கள். இன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்று தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது அக்கா பிள்ளைகளின் வேலை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் கொண்டாடினாரே, அந்த வழக்கம் எங்கெங்கோ சுற்றி வந்து இங்கே கேழ்வரகு நாற்றில் வேர் விட்டிருக்கிறது. சுரூபங்கள் ஒரே சாயலாக எல்லா ஊரிலும் கிடைக்கும். அந்தப் பச்சை நாற்றும் ஓலையும் இந்த ஊருடையது. அதனால்தான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மணப்பாட்டுப் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைவதில் பேர் போனவர்கள். இந்த வீட்டில் பலகாரத்தை பிளாஸ்டிக்கில் கொடுப்பதில்லை. அக்காவின் மாமியார் மூடி போட்ட சின்ன ஓலைப்பெட்டிகளை முடைந்து அடுக்கி வைத்திருந்தார். ஈர ஓலையை நகத்தால் கிழித்து, ஒரே அகலத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிய ஓலையை இடையிடையே கோத்து அவர் முடைந்ததை என் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். மூலை மடிக்கும் இடத்தில் மட்டும் அவர் கை வேகம் குறைகிறது. அங்கே ஓலை உடைந்தால் பெட்டி போச்சு.

நள்ளிரவுத் திருப்பலிக்கு ஊரே மணலில் நடந்து போனது. 'உன்னதங்களிலே' என்று தொடங்கியதும் கோயில் மணியும் வெளியே வெடியும் ஒன்றாகக் கேட்டன. வீடு திரும்பியதும் எல்லோரும் குடில் முன்னால் முழங்காலில் நின்றோம். வீட்டின் கடைக்குட்டி பாலனைத் தொட்டியில் வைக்க வேண்டும். நாலு வயசுப் பிள்ளை, தூக்கக் கண்ணோடு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்தான். அதன் பிறகுதான் கேக் வெட்டு.

டிசம்பர் 25, மீண்டும் பெரியம்மா ஊர்

மணப்பாட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டோம். பெரியம்மா சபையில் ஆராதனை அதிகாலை நாலரைக்கு. முதல் மணி அடிக்கும்போது நாங்கள் ஊர் எல்லையில். ஒரே ராத்திரியில் இரண்டு கிறிஸ்மஸ் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலித்தது. அங்கே தூபமும் சுரூபமும், இங்கே வெள்ளைச் சுவரும் ஞானப்பாட்டும். பனியில் ஈரப் பூவும் புதுத்துணி வாடையும் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாரும் கலைவதில்லை. ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் அது. "நீ இன்னாரு மகளா? சென்னையில இருக்கியாம்லா?" என்று கேட்டே விடிந்துவிட்டது.

வீட்டில் ஜெபம் முடியாமல் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் கிடையாது. பெரியப்பா தன் தாத்தாவின் வேதாகமத்தை எடுத்தார். முன்பக்கத்தில் மூன்று தலைமுறையின் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் தேதியோடு இருக்கிறது. கட்டைப் பேனா, ஊற்றுப் பேனா, பால்பாயிண்ட் என்று மை மாறிக்கொண்டே வருகிறது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். பிறகு இந்த ஆண்டு எழுதிய பெயர்களை மட்டும் வாசித்தார். ஒரு பிறப்பு, ஒரு இறப்பு. இறந்தது என் அம்மா. பெரியப்பா என் மகளைப் பார்த்து, "உங்க ஆச்சி இந்தக் கூடத்துலதான் அச்சு முறுக்கு சுடப் படிச்சா" என்றார். பெரியம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்குத் தட்டுகள் புறப்பட்டன. முட்டை சேர்க்காத முறுக்கு முதலில், பக்கத்து வீட்டுக்கு. அடுத்தது மூன்றாவது வீட்டுப் பாய் குடும்பத்துக்கு. நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து சட்டியோடு பிரியாணி வரும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து முந்திரி போட்ட லட்டு. தட்டைக் கொண்டுபோனது என் மகள். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கை சீனியும் இருந்தன. "ஏம்மா இதைக் குடுத்தாங்க?" என்றாள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பெரியம்மாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

டிசம்பர் 26, மணக்குடி

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமரிக் கடற்கரையில் குடில் பிரிக்கவில்லை, பலகாரம் தீரவில்லை, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் திரும்பவில்லை. அன்று காலைதான் ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை நெடுகச் சாவு. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே பழையாற்று முகத்தில் இருந்த பாலத்தையே அலை அடித்துக்கொண்டு போனது.

ஆண்டுதோறும் இந்த நாளில் கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கூடுகிறார்கள். நாங்கள் ஓரமாக நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், நேற்று எப்படிக் கொண்டாட முடிகிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இருவத்தஞ்சு இருக்கிற பிள்ளைகளுக்கு. இருவத்தாறு போன பிள்ளைகளுக்கு" என்றார். அவர் கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பொட்டலமும் இருந்தது. முந்திரிக்கொத்து. கல்லறை மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை அங்கே நின்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். என் மகளுக்கும் ஒன்று.

இன்று இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 27, நாகர்கோவில்

அத்தை வீட்டு மேசையில் வெள்ளை லேஸ் விரிப்பு. கிறிஸ்மஸிலிருந்து புத்தாண்டு வரை மட்டும் வெளியே வரும். அத்தையின் ஆச்சி போட்டது. 1820-களில் மிஷனரி மனைவியான மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கூலி பல பெண்களுக்கு முதல் சொந்தக் காசு. அத்தை அதைத் தோய்த்துக் கஞ்சி போடுவது வேறு யாரையும் நம்பி விடாத வேலை.

சாயங்காலம் குடில் பார்க்கப் போனோம். தெருவுக்குத் தெரு வாலிபர்கள் போட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். மலை, அருவி, ஓடும் தண்ணீர், சுற்றும் காற்றாலை. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெத்லகேமிலும் ஒன்று நட்டுவிட்டார்கள். 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளையின் கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. அங்கே சிறிது நேரம் நின்றோம்.

ராத்திரி அத்தை முந்திரிக்கொத்துக்கு அளவு சொன்னார். மகள் நோட்டில் எழுதினாள். பெரியம்மாவின் அச்சு முறுக்கு அளவுக்கு அடுத்த பக்கம் இது. அத்தை சொன்னபடியே கீழே போடுகிறேன்.

சிறுபயறு ஒரு கிலோ. வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறுத்து, ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள். மாவாக்கிவிடாதே. தேங்காய் இரண்டு துருவி, ஈரம் போகச் சிவக்க வறு. எள்ளு ஒரு கை, வறுத்தது. ஏலக்காய், சுக்கு உன் இஷ்டம். உடன்குடிக் கருப்பட்டி முக்கால் கிலோ, தண்ணீர் அளவாக விட்டுக் காய்ச்சி வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துக் கையில் பிசுக்குப் பிசுக்கென்று ஒட்டும் பதத்தில் இறக்கு. எல்லாவற்றையும் அதில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே நெல்லிக்காய் அளவு உருட்டு. ஆறிவிட்டால் உருளாது, அதனால் உருட்ட நாலு பேராவது உட்காருங்கள். ஒரு ராத்திரி அப்படியே காயட்டும். மறுநாள் பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சள்பொடியும் போட்டுத் தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விடு. மேல்மாவு வெந்தால் போதும், சிவக்க விடாதே. பதினைந்து நாள் தாங்கும்.